ஹிஸ்டோபிளாஸ்மா நோயும் உடலணுக்களின் தற்காப்பும்

மண்ணில் வாழும் பூஞ்சணங்களுள் சில மனிதனின் உள்ளுறுப்புகளையும் தாக்க வல்லவை. அவற்றுள் ஒன்று ஹிஸ்டோபிளாஸ்மா காப்சுலாட்டம். 1905-ஆம் ஆண்டில் பனாமாவில் பணியாற்றிய சாமுவேல் டார்லிங் என்னும் மருத்துவர், இறந்த ஒரு தொழிலாளியின் உறுப்புகளில் இதனை முதன்முதலாகக் கண்டார்; ஆயினும் அதனை ஓரணுப் பிராணி என்றே கருதினார். 1934-இல் அதனை வளர்ப்புக் கலத்தில் வளர்த்த பின்னரே அது பூஞ்சணம் என்பது ஐயமற நிறுவப்பெற்றது. இந்தியாவில் இந்நோய் 1954-இல் கல்கத்தாவிலிருந்து முதலில் அறிவிக்கப்பட்டது. கங்கைச் சமவெளி மாநிலங்களில் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

உட்புகும் வழி

வௌவால், பறவை ஆகியவற்றின் எச்சம் கலந்த மண்ணில் இப்பூஞ்சணம் இழைகளாக வளர்கிறது. மண் கிளறப்படும்போது அதன் ஸ்போர்கள் காற்றில் பறந்து, மூச்சுடன் நுரையீரலின் சிற்றறைகளை அடைகின்றன. அங்கே 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் இழைவடிவம் நீங்கி, 2 முதல் 4 மைக்ரான் அளவுள்ள ஈஸ்ட் வடிவத்தைப் பெறுகின்றன. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் காற்றின் மூலம் தொற்றுவதில்லை.

அணுக்களின் போராட்டம்

நுரையீரலைக் காக்கும் மாக்ரோபேஜ் என்னும் விழுங்கணுக்கள் ஈஸ்டுகளை உட்கொள்கின்றன. பெரும்பாலான நுண்ணுயிர்கள் இவ்வாறு விழுங்கப்பட்டால் அழிந்துபடும். இப்பூஞ்சணமோ, தன்னை அடைத்துள்ள பையில் அமிலத்தன்மை மிகாதபடி தடுத்து, விழுங்கணுவின் உள்ளேயே பெருகுகிறது. அவ்வணுக்களே அதனை நிணநீர்க் கணுக்கள், கல்லீரல், மண்ணீரல் ஆகிய இடங்களுக்குச் சுமந்து செல்லும் வாகனமாகவும் ஆகிவிடுகின்றன. காவலனின் வீட்டிலேயே கள்வன் குடியிருப்பது போன்றது இந்நிலை.

இரண்டு மூன்று வாரங்களில் நிலைமை மாறுகிறது. பூஞ்சணத்தின் கூறுகளை இனங்கண்ட டி-லிம்போசைட்டுகள் பெருகி, காமா இன்டர்பெரான் முதலிய பொருள்களைச் சுரக்கின்றன. இவற்றாலும், டி.என்.எஃப். என்னும் மற்றொரு பொருளாலும் தூண்டப்பெற்ற விழுங்கணுக்கள் புதிய ஆற்றல் பெறுகின்றன. அவை ஈஸ்டுக்கு இன்றியமையாத இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றைக் கிட்டாமற் செய்வதை எலிகளில் நடத்தப்பெற்ற ஆய்வுகள் காட்டியுள்ளன. இறுதியில் அணுக்கள் திரண்டு, பூஞ்சணத்தைச் சூழ்ந்து சிறு கணுக்களை அமைக்கின்றன. அவை நாளடைவில் சுண்ணாம்புப் படிவு கொள்கின்றன. இரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருள்கள் நோயறிய உதவுமேயன்றி, காப்பதில் முதலிடம் பெறுவது அணுக்களின் எதிர்ப்பேயாகும்.

இதனாலேயே நலமுள்ளோரிற் பெரும்பாலோர் நோய்க்குறியின்றியோ சிறு காய்ச்சலுடனோ தப்பிவிடுகின்றனர். 1945-இல் அமெரிக்காவில், நுரையீரலில் சுண்ணாம்புப் படிவு இருந்தும் காசநோய்க்கான டியூபர்குலின் சோதனைக்குத் தோல் தடிக்காத பலர், ஹிஸ்டோபிளாஸ்மின் சோதனைக்குத் தோல் தடிப்புக் காட்டினர். தம்மையறியாமலே அவர்கள் இத்தொற்றை வென்றிருந்தனர் என்பது தெளிவாயிற்று.

எதிர்ப்புக் குன்றுங்கால்

எச்.ஐ.வி. தொற்றினால் சி.டி.4 வகை டி-லிம்போசைட்டுகள் குறைந்தோர், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொள்வோர், டி.என்.எஃப். பொருளைத் தடுக்கும் மருந்து பெறுவோர் ஆகியோரிடம் நோய் உடலெங்கும் பரவலாம். அடங்கியிருந்த பழைய தொற்றும் மீண்டும் தலைதூக்கக்கூடும்.

நீடித்த காய்ச்சல், உடல் மெலிவு, கல்லீரல் மண்ணீரல் வீக்கம், வாய்ப்புண், இரத்தச் சோகை ஆகியவை அதன் குறிகள். அட்ரீனல் சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் களைப்பும் தோல் கருமையும் தோன்றும். இவற்றுட் பல காசநோயிலும் காணப்படுவதால் தவறான சிகிச்சையில் மாதங்கள் கழிந்துவிடலாம். பரவிய நோய், சிகிச்சையின்றி விடப்பட்டால் உயிரையே மாய்க்கும். உரிய காலத்தில் அறியப்படின் ஆம்போடெரிசின்-பி, இட்ராகோனசோல் ஆகிய மருந்துகளால் குணப்படுத்தலாம்.

களப்பணியாளர் கவனத்திற்கு

1. காசநோய் மருந்துக்குக் கட்டுப்படாத காய்ச்சலுடையோரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புக; திசு, எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் சோதனையால் இந்நோய் புலப்படும்.

2. வௌவால் அடையும் குகை, பாழடைந்த கட்டடம், கோழிக்கொட்டகை ஆகியவற்றுக்குச் சென்றதுண்டா என வினவுக.

3. எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்கலாகாது. நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்தே அகற்ற வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. விழுங்கணு முதலில் பூஞ்சணத்திற்குப் புகலிடமாவது எவ்வாறு?

2. டி-லிம்போசைட்டுகள் குறைந்தால் நோய் பரவுவதேன்?