காதுக்குக் காட்டு

அன்புள்ள கயல்,

வானொலியில் கலைச் செய்தியாளராக ஆசை என்று எழுதியிருந்தாய். படமே இல்லாத இடத்தில் ஓவியத்தைப் பற்றி என்ன பேசுவது என்றும் கேட்டிருக்கிறாய். அதைச் செய்து காட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

சூசன் ஸ்டாம்பர்க், அமெரிக்கர், 1938-இல் பிறந்தவர். அங்குள்ள தேசியப் பொது வானொலி 1971-இல் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, ஒலிநாடாவை பிளேடால் வெட்டி ஒட்டும் வேலையில் இருந்தார். மறு ஆண்டே மாலைச் செய்தியின் தொகுப்பாளரானார். நாடு முழுவதற்குமான அன்றாட மாலைச் செய்தியை அமெரிக்காவில் தொகுத்து வழங்கிய முதல் பெண் அவர்தான். பெண் குரலுக்குக் கனம் போதாது என்று சில நிலைய நிர்வாகிகள் குறைபட்டார்கள். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பில் சீமரிங் அதை அவரிடம் சொல்லவே இல்லை. இயல்பாகப் பேசும்படி மட்டும் சொன்னார். சூசன் 14 ஆண்டுகள் அப்படியே பேசினார். பிறகு பல்லாண்டுகள் அருங்காட்சியகங்களிலும் ஓவியக் கூடங்களிலும் ஒலிவாங்கியோடு நடந்தார். 2025-இல் ஓய்வு பெற்று, அதே ஆண்டு 87 வயதில் மறைந்தார்.

இனி உன் வேலைக்கு வருவோம். ‘அருமையான ஓவியம்’ என்றால் கேட்பவர் மனத்தில் எதுவும் தோன்றாது. ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தை எடுத்துக்கொள். ஓவியம் அரை மீட்டர் உயரம்கூட இல்லை என்று முதலில் சொல். இடப்பக்க ஜன்னலிலிருந்து வெளிச்சம் விழுகிறது. மஞ்சள் மேற்சட்டை, நீல ஏப்ரன், மடித்துவிட்ட சட்டைக் கைகள், மேசையில் ரொட்டி. குடத்திலிருந்து மெல்லிய தாரையாகப் பால் இறங்குகிறது. இந்த வரிசையில் சொன்னால் கேட்பவரே ஓவியத்தின் முன் வந்து நின்றுவிடுவார்.

கலைஞரைச் சந்திக்கும் முன் அவருடைய படைப்பைப் பார், படி, கேள். அந்த உழைப்பு உன் கேள்வியில் தெரியட்டும், பேச்சில் காட்டிக்கொள்ளாதே. ‘இந்த இடத்தில் ஏன் நீலம்?’ என்ற எளிய கேள்வி போதும். கேட்டபின் பொறுத்திரு. ஒத்திகைப் பதில் தீர்ந்த பிறகுதான் பலரும் மனத்திலிருந்து பேசுவார்கள். கிளம்பும் முன் யாரும் பேசாமல் அந்த அறையின் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அதுதான் நிரப்பும்.

நல்ல குரல் இருந்தால் உதவும். ஆனால் இந்தத் தொழில் நிற்பது கூர்ந்து பார்ப்பதிலும் பொறுமையாகக் கேட்பதிலும்தான்.

இந்த வாரம் ஒரு ஓவியத்தைத் தேர்ந்தெடு. தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் எனக்குச் சொல். நான் எங்கே குறுக்கிட்டுக் கேள்வி கேட்கிறேனோ, அங்கே நீ எதையோ பார்க்கத் தவறியிருக்கிறாய். அதைக் குறித்துக்கொண்டு திரும்பவும் சொல்.

அன்புடன்,
உன் பெரியம்மா