குறட்டையை மறைக்காதீர்கள்

"குறட்டை விடுவீங்களா?" என்று கேட்டால் ஆண்கள் பலரும் யோசிக்காமல் "சேச்சே, இல்ல டாக்டர்" என்பார்கள். பக்கத்தில் நிற்கும் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். மயக்க மருந்து கொடுப்பவனுக்கு அந்தச் சிரிப்புதான் பதில்.

நம்பிக்கை: குறட்டை விட்டால் நிம்மதியான தூக்கம்.
உண்மை: அது பாதி அடைபட்ட மூச்சுப்பாதையின் சத்தம். நாக்கும் மேலண்ணத்துச் சதையும் தளர்ந்து தொண்டைக்குள் சரிகின்றன. இயல்பான தூக்கத்தில் மூச்சு முட்டினால் மூளை தட்டி எழுப்பிவிடும். மயக்கத்தில் அந்தக் காவல்காரனும் சேர்ந்தே தூங்கிவிடுகிறான். குறட்டை, பகல் அசதி, தூக்கத்தில் மூச்சு நிற்பது, ரத்தக்கொதிப்பு, பருமன், 50 தாண்டிய வயது, தடித்த கழுத்து, ஆண் என்பது: இந்த எட்டையும் கேட்கும் 'ஸ்டாப் பேங்' பட்டியல் 2008-இல் வந்தது. மூன்றுக்கு 'ஆம்' வந்தாலே நாங்கள் உஷாராகிவிடுவோம். தூக்கத்தில் காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் கருவியை வீட்டில் வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்து வர வேண்டும்.

நம்பிக்கை: எண்டோஸ்கோபிக்கு லேசான மயக்கம்தானே!
உண்மை: முழு மயக்கத்தில் பெரும்பாலும் குழாய் போட்டு மூச்சுப்பாதையைக் கைக்குள் வைத்திருப்போம். இதில் அது இல்லை. லேசான மயக்கம் ஆழமாவது கண்மூடித் திறப்பதற்குள் நடக்கும். பால்போல வெளுத்திருக்கும் மயக்க மருந்தான புரோபோஃபாலுக்கு முறிவு மருந்தும் கிடையாது.

நம்பிக்கை: விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவு 99 என்று காட்டுகிறது, பயமில்லை.
உண்மை: முகமூடி வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு நின்ற பிறகும் அந்த எண் கொஞ்ச நேரம் அசையாது. வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராபியில் அலை உடனே படுத்துவிடும். ஆனாலும் என் கண் நோயாளியின் தொண்டைக்குழி மேல்தான். மூச்சுப்பாதை அடைத்தால் குழி உள்ளே இழுக்கும், வயிறு புடைக்கும், நெஞ்சு அமுங்கும், காற்று மட்டும் போகாது. குறட்டை சட்டென்று நின்றால் மற்றவர்களுக்கு நிம்மதி, நான் எழுந்துவிடுவேன். காதுக்குக் கீழே தாடையின் இரு மூலையிலும் விரல் கொடுத்து முன்னால் தூக்கினால், பல நேரம் அதுவே போதும்: முகமூடிக்குள் புசுக்கென்று ஆவி படியும். அந்த ஆவிக்கு ஈடாக எந்தக் கருவியையும் நான் நம்புவதில்லை.

நம்பிக்கை: கண் விழித்தாயிற்று, இனி ஒன்றுமில்லை.
உண்மை: மருந்தின் மிச்சம் உடம்பில் இருக்கும். மார்ஃபின் வகை வலிமருந்து சேர்ந்தால் அன்றிரவு மூச்சு இன்னும் மந்தமாகும். மல்லாந்து படுக்கக் கூடாது. தலைப்பக்கம் உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வேண்டும். தூக்க மாத்திரை, மது இரண்டும் அன்றைக்கு ஆகாது. இதை நோயாளியிடம் சொன்னால் பாதி மயக்கத்தில் தலையாட்டுவார். அதனால் சிரித்தாரே, அந்த மனைவியிடம்தான் சொல்லி அனுப்புவேன்.