வயோதிபரும் வைத்தியசாலையும்

எழுபத்தைந்து வயதுடைய ஒருவர் காய்ச்சலும் இருமலும் கண்டு வைத்தியசாலையில் சேர்க்கப்படுகிறார். பொல்லை ஊன்றித் தாமாகவே நடந்து வந்தவர். நியூமோனியா என்று கண்டு மருந்தேற்றுகிறார்கள். பத்து நாளில் நோய் மாறிவிடுகிறது. ஆனால் வீடு திரும்பும்போது இருவர் தாங்கிப் பிடித்து ஓட்டோவில் ஏற்றவேண்டியிருக்கிறது. பேச்சிலும் தடுமாற்றம். "வயது போனால் இப்படித்தான்" என்று வீட்டார் மனதைத் தேற்றிக்கொள்கின்றனர்.

இத்தகைய நிகழ்ச்சிகள் நமது ஊர்களில் அபூர்வமானவையல்ல. நோய் நீங்கியது உண்மை. நோயாளியின் கால்பலமும் மனத்தெளிவும் கூடவே போனது ஏன்? அது வயதின் குற்றம் மட்டுந்தானா? அல்ல என்பதே இன்றைய வைத்திய சாஸ்திரம் தரும் விடை. அதில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. அதுவும் அதிக பணச்செலவின்றியே தவிர்க்கக்கூடியது. இதனை விளங்கிக்கொள்வது வன்னியில் வாழும் நமக்கு மிகவும் அவசியம்.

படுக்கை செய்யும் தீமை

நோயாளி என்றால் கட்டிலில் படுத்திருக்க வேண்டும் என்பது நமது பழைய எண்ணம். இளைஞனுக்குச் சில நாட்படுக்கை பெரிதாகத் தீங்கு செய்யாது. முதியவருக்கோ அதுவே வேறொரு நோயாகிவிடுகிறது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோயெதுவுமற்ற முதியோர் சிலரைப் பத்து நாட்கள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது. நல்ல சுகதேகிகளுக்கே இந்தக் கதியென்றால், காய்ச்சலோடு, பசியின்றிப் படுத்திருப்பவரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

இவ்வுண்மையை முதலில் செயலிற் காட்டியவர் மார்ஜரி வாரன் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர். 1935இல் லண்டன் வெஸ்ற் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில், இனிக் குணமாகார் என்று கைவிடப்பட்டு நெடுங்காலம் படுக்கையிற் கிடந்த வயோதிபர் பலரின் பராமரிப்பை அவர் பொறுப்பேற்றார். ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து, எழுப்பி உட்காரவைத்து, நடக்கப் பழக்கினார். அவர்களிற் பலர் வீடு திரும்பினர். முதியோர் மருத்துவம் என்ற தனித்துறை இவ்வாறுதான் வளர்ந்தது. தமிழகத்தில் டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் முதியோருக்கென வெளிநோயாளர் பிரிவொன்றைத் தொடங்கினார். 2024இல் சென்னை கிண்டியில் 200 கட்டில்களுடன் முதியோருக்கான தேசிய நிலையமே திறக்கப்பட்டுள்ளது.

மனக் குழப்பம்

இரண்டாவது தீமை திடீர் மனக்குழப்பம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று மகனை அடையாளங் காணவில்லை. இரவில் எழுந்து ஓடப் பார்க்கிறார். அல்லது பேச்சின்றிச் சோர்ந்து கிடக்கிறார். இதனைப் "பைத்தியம்" என்றோ "அறளை" என்றோ ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் இது உடலில் ஏதோ கோளாறு நடக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. சலத்தில் கிருமி, உடலில் நீர் குறைதல், மலச்சிக்கல், நித்திரையின்மை, ஒத்துக்கொள்ளாத மருந்து ஆகிய எதுவும் காரணமாகலாம். சளிக்கும் நித்திரைக்கும் நாம் சர்வசாதாரணமாக விழுங்கும் பிரிட்டோன் குளிசைகூட முதியோரின் மூளையைக் குழப்பக்கூடியது. கையைக் கட்டிலோடு கட்டிவைப்பதால் குழப்பம் தணிவதில்லை, கூடுகிறது.

இது தொடர்பாக 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு நமது கவனத்துக்குரியது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஷரன் இனோயியும் அவருடைய குழுவினரும், எழுபதும் அதற்கு மேலும் வயதான 852 நோயாளரிடையே அதனை நடத்தினர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான பராமரிப்பு. மறு பகுதியினருக்கு அதனோடு ஆறு காரியங்களில் விசேட கவனம்: இன்று என்ன நாள், இது எந்த இடம் என்பதை அடிக்கடி எடுத்துச் சொல்லுதல், இரவில் மருந்தில்லாமல் அமைதியாக நித்திரைகொள்ளச் செய்தல், நாள்தோறும் எழுப்பி நடத்துதல், மூக்குக்கண்ணாடி அணிவித்தல், காது கேட்க உதவுதல், வேண்டியளவு நீர் அருந்தக் கொடுத்தல். வழக்கமான பராமரிப்புப் பெற்றோரில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மனக்குழப்பம் ஏற்பட்டது. விசேட கவனம் பெற்றோரில் அது நூற்றுக்குப் பத்துக்கும் சற்றுக் குறைந்தது.

இந்த ஆறில் எதற்கும் விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. இவற்றிற் பலவற்றைக் கட்டிலருகே இருந்து செய்தவர்கள், பயிற்சி பெற்ற சாதாரண தொண்டர்களே.

வன்னியின் தனி நிலைமை

"இதையெல்லாம் நமது தாய்மார் சொல்லிக்கொடாமலே செய்தார்களே!" என்று சிலர் கேட்கலாம். மெத்தச் சரி. நமது வைத்தியசாலைகளில் முதியவருக்குக் கஞ்சி பருக்குவதும், மலசலகூடத்துக்குக் கூட்டிச் செல்வதும், மருந்துத் துண்டோடு ஓடுவதும் துணைக்கு நிற்கும் மகளோ மருமகளோதான். வைத்தியசாலையும் அப்படி ஒருவர் இருப்பார் என்றே எதிர்பார்க்கிறது.

வன்னியில் அந்த எதிர்பார்ப்பு இன்று பலருடைய விடயத்தில் பொய்த்துவிட்டது. 1950களிலும் 1960களிலும் வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களின் கீழ்க் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று முதியோர். 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியமர்ந்தோரும் முதியோர். இவர்களிற் பலர் 2009இல் முடிந்த யுத்தத்திலே பிள்ளைகளை இழந்தனர். வேறு பலரின் பிள்ளைகள் கடல் கடந்த தேசங்களில் வாழ்கின்றனர். அவர்கள் பணம் அனுப்பலாம். இரவு இரண்டு மணிக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுக்க இயலாது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 2009இன் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு இலக்கானது. பின்னர் புதுமாத்தளனில் தற்காலிகமாக இயங்கிய வைத்தியசாலையிலிருந்து காயப்பட்டோரைச் செஞ்சிலுவைச் சங்கம் கடல் வழியாகக் கொண்டுசென்றது. அந்நாட்களைக் கடந்து வந்த ஒருவருக்கு, வைத்தியசாலையின் இரவும் அங்கே கேட்கும் முனகலும் பழைய பயத்தை எழுப்பக்கூடும். அவர் அலறினால் அதட்டுவது மருந்தல்ல. பெயர் சொல்லி அழைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "இது கிளிநொச்சி ஆஸ்பத்திரி, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று கூறுவதே மருந்து.

வைத்தியசாலைகள் செய்யக்கூடியவை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும், மல்லாவி, புதுக்குடியிருப்பு, செட்டிகுளம் முதலிய ஆதார வைத்தியசாலைகளிலும் கடமை புரிவோரின் வேலைப்பளுவை நாம் அறிவோம். ஆயினும் பின்வருவன கைக்கெட்டியவையே.

1. ஒவ்வொரு விடுதியிலும் முதியோருக்காக உயரம் குறைந்த சில கட்டில்களும், குந்தாமல் இருக்கத்தக்க ஒரு மலசலகூடமும், பிடித்து நடக்கக் கைபிடியும் வேண்டும். பொதுக் கட்டிடங்கள் வலுவிழந்தோர் புழங்கத்தக்கனவாக அமையவேண்டுமென 2006ஆம் ஆண்டின் அரசாங்க ஒழுங்குவிதிகளே கூறுகின்றன.

2. பெரிய எழுத்துக் கலண்டரும் மணிக்கூடும் கட்டிலிலிருந்து பார்க்கக்கூடிய சுவரில் தொங்கவேண்டும். இரவில் வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைக்கவேண்டும்.

3. மொழி. சிங்களம் பேசும் வைத்தியர்களும் தாதியரும் தூர இடங்களிலிருந்து வந்து இங்கு சேவை செய்கின்றனர், அது நன்றிக்குரியது. ஆனால் வயோதிபர் "நெஞ்சு அடைக்குது", "சலம் கடுக்குது" என்பதை அவர்கள் விளங்காவிட்டால் நோயே மாறிப்போகும். முதியோருக்கு மாரடைப்பு நெஞ்சுவலியின்றியும், நியூமோனியா காய்ச்சலின்றியும் வருவதுண்டாதலால் அவர்களுடைய ஒவ்வொரு சொல்லும் பெறுமதியானது. இத்தகைய ஐம்பது சொற்களைத் தமிழிலும் சிங்கள எழுத்திலும் படத்தோடு அச்சிட்டு விடுதியில் வைப்பது கடினமன்று.

4. கிளினிக் நாள். சீனி பார்க்க வெறுவயிற்றோடு முதல் பஸ் ஏறிவரும் கிழவி மத்தியானம் வரை வரிசையில் நிற்பது ஆபத்து. வாங்கும் குடிதண்ணீரும் நேரம் குறித்த இலக்கமும் வேண்டும். ஒருவருக்குரிய இரண்டு மூன்று கிளினிக்குகளை ஒரே நாளில் வைக்கலாம். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. மனம் வைத்தால் வழி உண்டு என்பதற்கு அது சாட்சி.

குடும்பத்தின் கடமை

வைத்தியசாலைக்குப் புறப்படும்போது மூக்குக்கண்ணாடி, கட்டுப்பல், பொல்லு, வழுக்காத செருப்பு ஆகியவற்றை மறவாதீர்கள். "அங்கே தொலைந்துபோகும்" என்று வீட்டில் வைத்துவிட்டுப் போவது, கண்ணையும் வாயையும் காலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். பாவிக்கும் எல்லாக் குளிசைகளையும், கடையில் வாங்கியவற்றையும் நாட்டுமருந்தையும் ஒரே பையிற் போட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். வைத்தியர் தடுக்காவிட்டால் நாளுக்கு மூன்று முறையாவது எழுப்பிக் கதிரையில் இருத்துங்கள். உணவை இருந்தபடியே உண்ணச் செய்யுங்கள். புதிதாக மனங் குழம்பினால் உடனே தாதியிடம் அறிவியுங்கள். வீடு திரும்பும் நாளில் எந்தக் குளிசையை நிறுத்துவது, எதைத் தொடர்வது, மறுபடி எப்போது வருவது என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வட மாகாணத்தில் இச்சேவை 2018 முதல் உண்டு.

ஊரின் கடமை

அறுபது வயதைக் கடந்தோரை முதியோர் என வரையறுத்து அவர்தம் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டு முதல் நமது நாட்டில் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படியே இலங்கையரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் இவ்வயதினர். சட்டம் உரிமையைத் தரும்; கட்டிலருகே போய் இருக்காது. ஆளில்லாத முதியவருக்கு ஆளாக நிற்க ஊர்தான் முன்வரவேண்டும்.

ஊரிலுள்ள முதியோர் சங்கம், மாதர் சங்கம், இளைஞர் மன்றம், பங்கிலுள்ள மரியாயின் சேனை ஆகியவை ஒன்றுகூடி, பிள்ளைகள் அருகில் இல்லாத முதியோரின் பெயர்ப்பட்டியலைக் கிராம அலுவலரின் உதவியுடன் இப்போதே தயாரிக்கலாம். அவர்களில் ஒருவர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டால், வைத்திய அத்தியட்சகரின் அனுமதியோடு, பகலுக்கு ஒருவர் இரவுக்கு ஒருவர் என முறைவைத்து நிற்கலாம். செய்யவேண்டியது பெரிய காரியமன்று. தண்ணீர் பருக்குதல், கண்ணாடி துடைத்துப் போடுதல், கைபிடித்து நடத்துதல், ஊர்ப்புதினம் சொல்லுதல். யேல் வைத்தியசாலையில் தொண்டர் செய்தது இவ்வளவுந்தான்.

செத்தவீட்டுக்கு ஊரே திரண்டு வருவது நமது வழக்கம், நல்ல வழக்கம். உயிரோடிருக்கும்போது கட்டிலருகே ஒருவராவது வந்திருந்தால் அந்தச் செத்தவீடு சில ஆண்டுகள் பிந்தியிருக்கவுங் கூடும்.

கலந்துரையாடலுக்கு

1. நமது ஊரில் துணைக்கு ஆளின்றித் தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர்? அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியுமா?

2. அவர்களில் ஒருவரை இன்றிரவு அம்புலன்ஸில் ஏற்றினால் கூடப் போகிறவர் யார்?

3. நமது வைத்தியசாலையில் முதியோர் நலனுக்காக இவ்வருடமே செய்யக்கூடிய ஒரு காரியம் எது? அதனை யாரிடம், எப்போது எடுத்துச் சொல்லப்போகிறோம்?