காவிரி வழக்கைப் படிப்பது எப்படி? புவியியலும் சட்டமும் ஒருசேரக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியில் புவியியல் ஒரு பக்கம், குடிமையியல் ஒரு பக்கம். இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பார்க்காமலே பலரும் பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. ஒரு நதிநீர் வழக்கை எடுத்துக்கொண்டால் இரண்டையும் சேர்த்தே கற்கலாம். ஓர் அட்லஸும் வரைபடத்தாளும் போதும்.

படி 1: எல்லைக்கு முன் ஆறு

குடகில் தலைக்காவிரி தொடங்கி பூம்புகார் வரை, ஏறத்தாழ 800 கி.மீ. ஓடும் ஆற்றை வரையுங்கள். ஹேமாவதி, கபினி, பவானி, அமராவதி என்று துணையாறுகளைச் சேருங்கள். மாநில எல்லைகளைக் கடைசியில் போடுங்கள். கபினி வயநாட்டிலிருந்து வருவதைப் பார்த்தால், கேரளம் ஏன் இந்த வழக்கில் ஒரு தரப்பு என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கடைமடையில் காரைக்கால் இருப்பதால் புதுச்சேரியும் வருகிறது.

படி 2: மழை வரும் மாதம்

மேல்பகுதிக்கு நீர் தருவது தென்மேற்குப் பருவமழை. டெல்டாவுக்கு நல்ல மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரில்தான் தொடங்கும். குறுவை நெல்லுக்கோ ஜூனிலேயே தண்ணீர் வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறக்கும் மரபு அதனால்தான். எவ்வளவு தண்ணீர் என்பதோடு, எப்போது என்பதும் வழக்கின் கேள்வி.

படி 3: சட்டத்தின் ஏணி

அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. மாநிலங்களுக்கு இடையிலான ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலில். 262ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றம் 1956இல் சட்டம் இயற்றியது. அதன்கீழ் 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007இல் இறுதித் தீர்ப்பு வந்தது.

நீதிமன்றங்கள் தலையிடாதபடி தடுக்க நாடாளுமன்றத்துக்கு இடம் தருவதும் அதே 262தான். பிறகு எப்படி 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது? நடுவர் மன்றத் தீர்ப்பை எதிர்த்த மேல்முறையீட்டை 136ஆம் உறுப்பின்கீழ் விசாரிக்கலாம் என்று 2016இல் அந்த நீதிமன்றமே முடிவு செய்திருந்தது. இந்த முடிச்சை வகுப்பில் விவாதியுங்கள். சட்டம் படிப்பதன் சுவை இங்கேதான் பிடிபடும்.

படி 4: தீர்ப்பை வரைந்து பாருங்கள்

ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. தமிழ்நாட்டு எல்லையில் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அளந்து விட வேண்டும் என்பது 2018 தீர்ப்பின் உத்தரவு. மாதக் கணக்கைப் பட்டை வரைபடமாக்குங்கள்: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. ஆகஸ்டில் ஏறி, குளிர்காலத்தில் இறங்கும் அந்தப் பட்டைகளில் இரண்டாம் படியில் பார்த்த பருவமழை தெரியும்.

படி 5: மண்ணுக்கடியில்

2007 தீர்ப்பில் இதே அளவு 192. குறைந்த 14.75இல் 4.75 பெங்களூரின் குடிநீர்த் தேவைக்காக. மீதி 10, டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டதால். ஆறு கொண்டுவந்து குவித்த வண்டல் நீரைத் தேக்கிவைக்கும் என்னும் புவியியல் பாடம் இங்கே சட்டக் கணக்காகிறது. அந்த நீர் கடலோரத்தில் உப்பாகிவிடும் என்ற மறுப்பையும் எடைபோடுங்கள். என் பார்வையில் அது வலுவான வாதம்.

அடுத்து

இதே வரிசையில் முல்லைப் பெரியாற்றை எடுங்கள். மேற்கே ஓடும் ஆற்றை மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பிய கதை அது. நிலத்தை வரைந்த பிறகு 1886 குத்தகை ஒப்பந்தத்துக்கும், நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த அனுமதித்த 2014 தீர்ப்புக்கும் வாருங்கள்.