மலைப்பாதைக்கு முதல் எதிரி மழைத்தண்ணி

கேரளத்தின் காட்டாக்கடையிலிருந்து ஆரியநாடு, விதுரா வழியாகப் போனக்காடு போனால் அகத்தியர்கூடம் ஏறும் பாதை தொடங்குகிறது. 1868 மீட்டர் உயரம், வழித்தங்கல் அதிருமலையில். 1855-இல் திருவிதாங்கூர் அரசின் வானியலாளர் ஜான் ஆலன் ப்ரௌன் இந்தச் சிகரத்தில் ஆய்வகமே அமைத்திருக்கிறார். இன்று ஜனவரி தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆள் நடமாட்டம். மற்ற மாதங்களில் அந்தப் பாதையில் நடப்பது மழைத்தண்ணியும் யானையும். பாதையைப் பராமரிக்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

செய்ய வேண்டியவை

வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டுக்கத்தியைத் தொடாதீர்கள் என்பதுதான் முதல் விதி. இது சரணாலயம். நல்லெண்ணத்தில் வெட்டினாலும் வழக்கு வழக்குதான்.

தண்ணியை உடனுக்குடன் பாதையை விட்டு இறக்குங்கள். முக்கால்வாசி வேலை இதுதான். பாதை பள்ளச் சரிவுப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். செங்குத்தான இடங்களில் குறுக்கே கல்வரிசை பதியுங்கள். நேர்க்குறுக்காக வேண்டாம், சாய்வாக. நேராகப் பதித்தால் தண்ணி தேங்கி, கல்லின் மேலேயே வழிந்து, அடியை அரித்துவிடும். கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கட்டும். தண்ணி வெளியேறும் வாயில் சருகு அடைத்தால் அத்தனை உழைப்பும் வீண். ஆகவே இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு ஒருமுறை, துலா மழை எனும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒருமுறை மண்வெட்டியோடு போய் வாயைத் திறந்துவிடுங்கள். ஒரு மழை பெய்துகொண்டிருக்கும்போதே நடந்து பார்த்தால் எங்கே கல் வேண்டும் என்று தண்ணியே காட்டிக்கொடுக்கும். (அட்டைக்குப் பயந்தவர்களுக்கு இந்த வேலை ஆகாது.)

இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள். 1987-இல் ஆராய்ச்சியாளர்களுக்கு ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைக் காட்டிக்கொடுத்தது அவர்கள்தான். யானைத்தாரை எங்கே குறுக்கிடுகிறது, எந்தப் பாறை ஈரத்தில் வழுக்கும் என்பது எந்த வரைபடத்தையும்விட அவர்களுக்குத் தெளிவு.

கம்யூனிஸ்ட் பச்சையை, அதுதான் பாதையோரம் புதராக மண்டும் அந்த அந்நியச் செடியை, பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்குங்கள். விதை பறந்தபின் பிடுங்கிப் பயனில்லை.

செய்யக்கூடாதவை

சிமெண்ட் படி கட்டாதீர்கள். பார்க்க உறுதிதான். ஆனால் ஓரத்து மண்ணை மழை அரித்துவிட, நடக்கிறவர்கள் படியை விட்டுப் பக்கத்தில் நடப்பார்கள். அங்கே இன்னொரு பாதை உருவாகும்.

ஈற்றை எனும் நாணல் மூங்கிலைச் சாய்வாக வெட்டாதீர்கள். விழுகிறவர் உடம்பில் அந்த முனை ஈட்டியாக இறங்கும். தரையோடு தரையாக அறுத்துவிடுங்கள்.

பாதையில் துருத்தும் வேரை வெட்ட வேண்டாம், கால் இடறினாலும் சரி. சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்தான்.

வளைவுகளில் குறுக்கு வழி விட்டுவைக்காதீர்கள். விழுந்து கிடக்கும் முள்கிளைகளைப் போட்டு அடையுங்கள். 'இங்கே நடக்காதீர்' என்ற பலகையை யாரும் மதிப்பதில்லை, முள்ளை எல்லோரும் மதிக்கிறார்கள்.

கூட்டிய சருகுக்குத் தீ வைக்கக்கூடாது. பிப்ரவரியில், பாதையில் வரும் பொங்காலப்பாறைப் பக்கத்துப் புல் ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

பெயிண்டில் அம்புக்குறி, பாறையில் பெயர் இரண்டும் வேண்டாம். பிளாஸ்டிக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சிகரத்துக்குக் கீழே கயிறு பிடித்து ஏறும் பாறையில், போன வருடக் கயிற்றை நம்பி ஆளை ஏற்றாதீர்கள். வெயிலும் மழையும் பட்ட கயிறு வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இற்றிருக்கும். புதியதைக் கட்டும்போது மரத்தில் நேராகச் சுற்றாமல், பட்டை அறுபடாதபடி இடையில் தடித்த சாக்கு மடித்து வையுங்கள். சீசன் முடிந்ததும் கயிற்றையும் சாக்கையும் அவிழ்த்துக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.