விஞ்ஞானமும் சமயமும்: விபுலானந்த அடிகளார் காட்டிய நெறி

விஞ்ஞானம் கற்றவனிடத்திலே சமய நம்பிக்கை நிலைபெறுமோ என்னும் வினா மாணவரிடையே அடிக்கடி எழுகின்றது. விஞ்ஞானத் துறையைத் தேர்ந்த மாணவனொருவன் திருநீறு அணிய நாணுகின்றான். மற்றொருவனோ, நம் முன்னோர் அறியாத விஞ்ஞானம் யாதுமில்லை என்று கூறிப் பாடநூலைத் திறவாதிருக்கின்றான். இவ்விருவர் நிலையும் பொருந்தாதென்பதே எமது துணிபு. அதனை நிறுவுதற்கு மட்டக்களப்பு நாட்டை விட்டுத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

1892 இல் காரைதீவில் மயில்வாகனன் என்னும் பெயரோடு பிறந்த அடிகளார், 1916 இல் கொழும்பிலே விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். 1924 இல் துறவு பூண்டு சுவாமி விபுலானந்தர் எனப் பெயர் பெற்றார். காவியுடுத்தபின் அவர் விஞ்ஞானத்தைக் கைவிட்டாரல்லர். 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பித்தற்கு அது வழிகோலிற்று.

இவ்விரண்டும் அவரிடத்து எங்ஙனம் இணைந்தன என்பதை யாழ் நூல் காட்டும். வழக்கொழிந்த யாழை மீட்க விழைந்த அடிகளார், சிலப்பதிகாரத்தைப் போற்றிக் கற்றார். ஆயின் போற்றுதலோடு அமைந்தாரல்லர், கணக்கிட்டுப் பார்த்தார். 90 சென்ரிமீற்றர் நீளமுள்ள நரம்பு குரல் என்னும் சுரத்தை ஒலிப்பதாகக் கொள்வோம். இழுவை மாறாதிருக்க, அதன் நீளத்தை 60 ஆகக் குறைப்பின் இளி பிறக்கும். 45 ஆகக் குறைப்பின் மேற்குரல் பிறக்கும். நீளம் குறையக் குறைய அதிர்வெண் அவ்விகிதப்படி பெருகுதலே இதற்குக் காரணம். பத்தி மிகுந்தமையால் 60 என்பது 61 ஆகிவிடாது. அதுபோலவே, 60 என்னும் எண்ணை அறிந்தமையால் தேவாரப் பண் கேட்டு உருகும் உள்ளம் வறண்டுபோவதுமில்லை. கணக்கு நிறைந்த அந்நூல் 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.

இனி, இசையை விட்டு இடருக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எம் கரையைத் தாக்கியது. சுமாத்திராவுக்கு அண்மையிலே கடலடி நிலத்தட்டுக்கள் நழுவியமையால் எழுந்த அவ்வலை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் எம்மை அடைந்தது. எச்சரிக்கை அமைப்பொன்று அன்று இருந்திருப்பின் எத்துணையோ உயிர்கள் பிழைத்திருக்கும். அதனைத் தெய்வக் குற்றமென்று கூறுவோர், மாண்ட குழந்தைகள்மீது பழி சுமத்துகின்றனர். அடுத்த அலைக்கு ஆயத்தமாகும் முயற்சியையும் தடுக்கின்றனர். அது சமயமாகாது. மறுபுறம், மகவை இழந்த தாயிடத்தே நிலத்தட்டின் இயக்கத்தை விளக்கி ஆறுதல் கூறவும் இயலாது. அவளுக்கு ஈமக்கிரியையும், அயலவர் கைத்துணையும், இறைவன் திருமுன் அழுதற்கு ஓரிடமும் வேண்டும். அலை எவ்வாறு வந்தது என்பது ஒரு வினா. இழப்பைத் தாங்கி எவ்வாறு வாழ்வது என்பது வேறொரு வினா.

ஆகவே மாணவர் முதலில் வினாவின் இயல்பைத் தெளிதல் வேண்டும். அளந்தறியத்தக்கதை அளந்தே அறிக; அங்கே புராணத்தைச் சான்றாகக் கொணர வேண்டா. எதன்பொருட்டு வாழ்தல், யாருக்கு உதவுதல் என்னும் வினாக்களை அளவுகோலால் தீர்க்க முயல வேண்டா. சமயத்தை விஞ்ஞானமெனக் காட்ட முயல்வோர் இரண்டையும் இழிவுபடுத்துகின்றனர். இரண்டிற்கும் பொதுவாக நிற்பது உண்மையின்பால் அச்சமற்ற அன்பு ஒன்றே. அவ்வன்புடையான் ஆய்வுகூடத்திலும் ஆலயத்திலும் ஒருவனாகவே நிற்பான். அத்தகையோரை ஆக்குதலே எம் கல்லூரிகளின் கடன்.