புராஸ்டேட் புற்றுநோயும் மூளையுறையும்

ஒரு நோய் தோன்றிய இடத்திலேயே நிற்குமாயின் அதனை வெல்லுதல் எளிது. புற்றுநோயோ அங்ஙனம் நிற்பதன்று. ஆடவரது புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்று, சேய்மையிலுள்ள தலையை எய்துவது எவ்வாறு என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இச்சுரப்பி மூத்திரப்பையின் கீழே, மூத்திரத் தாரையைச் சூழ்ந்து அமைந்துள்ளது. இதிற் பிறந்த புற்றணுக்கள் பெரும்பாலும் நிணநீர்க் கணுக்களையும், இடுப்பெலும்பு முதுகெலும்பு முதலியவற்றையுமே நாடுகின்றன. அவை செல்லும் வழியொன்றை 1940-ஆம் ஆண்டில் ஆஸ்கர் பாட்சன் என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் விளக்கினார். இடுப்பினின்று முதுகெலும்பைச் சூழ்ந்து மண்டையோடு வரையிற் செல்லும் சிரைப்பின்னல் ஒன்று உண்டு. அச்சிரைகளில் இரத்தம் மீளாது தடுக்கும் வால்வுகள் இல்லை. ஆதலின், இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றினுள் அழுத்தம் மிகவே, இரத்தம் எதிர்த்திசையிலும் ஓடும். அவ்வோட்டத்தோடு புற்றணுக்களும், நுரையீரலிற் புகாமலே, மேற்செல்லுதல் கூடும்.

மூளையை மூன்று உறைகள் போர்த்திருக்கின்றன. அவற்றுள் புறத்தேயுள்ள தடித்த உறைக்கு டியூரா மேட்டர் என்பது பெயர். இலத்தீனில் ‘கடினத் தாய்’ என்று பொருள்படும். மண்டையெலும்பிற் குடிகொண்ட புற்று உள்நோக்கி வளர்ந்து இவ்வுறையைப் பற்றுவதுண்டு. இரத்த வழியாக வந்து படிவதும் உண்டு. மூளையின் உள்ளே பரவுதல் மிக அரிது. நோயாளர் நூற்றுவரில் ஒருவர் இருவரிடத்தே காணப்படும்.

இவ்வருமையே அபாயத்துக்கும் ஏதுவாகின்றது. தலைவலி, பார்வைக் குறைவு, பொருள்கள் இரண்டாகத் தோன்றுதல், வலிப்பு, ஒருபுறத் தளர்ச்சி, நினைவுத் தடுமாற்றம் ஆகியன காணுமிடத்து, முதுமையின் இயல்பென்று வீட்டார் வாளாவிருந்துவிடுகின்றனர். தலையைப் படமெடுத்துப் பார்ப்பினும், உறையின் கீழ்த் தங்கிய இரத்தம் போலவோ, மெனிஞ்சியோமா என்னும் பெரும்பாலும் தீங்கற்ற கட்டி போலவோ தோன்றி, மருத்துவரையும் இது மயக்குவதுண்டு. நுண்ணிய எம்.ஆர்.ஐ. படமும், வேண்டுமிடத்துச் சிறு துண்டெடுத்துச் செய்யும் சோதனையும் உண்மையை உணர்த்தும்.

இனிச் சிகிச்சையைக் கூறுவோம். வீக்கத்தைத் தணிக்க டெக்ஸாமெத்தசோன் என்னும் மருந்தும், புற்றை அடக்கக் கதிர்ச் சிகிச்சையும், சிலர்க்கு அறுவையும் உதவுகின்றன. ஆண்மைச் சுரப்பைக் குறைப்பின் இப்புற்று ஒடுங்குமென்று 1941-இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ் 1966-இல் நோபெல் பரிசு பெற்றார். அம்முறையும் அதன்வழிப் பிறந்த மருந்துகளும் இன்றும் வழங்குகின்றன. தலையை எய்திய நோயை இவை வேரறுப்பது அரிதேயாயினும், வலியைத் தணித்துப் பார்வையையும் பேச்சையும் சில காலமேனும் காக்க வல்லன. காலந் தாழ்த்தின் அப்பயனும் இழக்கப்படும்.

ஆதலின் நாம் கடைப்பிடிக்க வேண்டுவது ஒன்றே. இந்நோய்க்கு முன்னர்ச் சிகிச்சை பெற்ற முதியவர், புதிதாய்த் தலை வலிக்கின்றது என்பாராயின், அச்சொல்லை அலட்சியம் செய்யலாகாது. மருத்துவரிடம் தலைவலியை மட்டும் உரைத்துப் பழைய நோயை நாணத்தால் மறைத்தலும் ஆகாது. சுரப்பி எங்கே, சிரசு எங்கே என்று எண்ணற்க, இடையே வழியுண்டு.